கவசம் என்பது கழித்தல் கணக்கு

மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு



எங்கள் ஹாஸ்டலில் தீர்ப்பு கிடைக்காத வழக்குகள் மூன்று உண்டு. மெஸ் சாம்பாரில் பருப்பு போடுகிறார்களா, இல்லை பருப்பு டப்பாவை அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்களா என்பது முதல் வழக்கு. மாடிக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தீர்க்கும் சக்தி மனிதர்களுக்கு இல்லை. மூன்றாவது வழக்கைத்தான் நாங்கள் நாலு பேர் கையில் எடுத்தோம். குதிரைவீரன் பெரியவனா, ஈட்டிக்காரன் பெரியவனா?

சிரிக்காதீர்கள்! இந்த ஒரு கேள்விக்காக இரண்டு ரூம்காரர்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு முன்னுரை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999ல் வெளியிட்டது. அடுத்த வருடம், 2000ல், தி கான்கரர்ஸ் என்ற இணைப்பு வந்தது. 2019ல் புது மெருகோடு மறுபடியும் வந்தது. காசு போட்டு வாங்கிய எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு 2000த்தோடு மூச்சு வாங்கிவிடும் என்பதால் நாங்கள் ஆடுவது அந்தப் பழைய பதிப்புதான். மரம் வெட்ட வேண்டும், வயல் போட வேண்டும், தங்கம் தோண்ட வேண்டும், அதில் வரும் வரவை வைத்துப் படை திரட்டி எதிரியின் ஊரை இடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

வழக்கின் விவரம்

இயந்திரவியல்காரர்கள் எல்லாம் குதிரைவீரன் கட்சி. 'நைட்' என்று விளையாட்டில் பெயர். 100 லைஃப், ஒரு வெட்டுக்கு 10 அடி, கவசம் 2/2. பார்க்கவே கெத்தாக இருப்பான். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஈட்டிக்காரன் கட்சி. அவனுக்கு 45 லைஃப், அடி வெறும் 3, கவசம் சுழியம். ஆனால் குதிரைமேல் வருகிறவனைக் கண்டால் மட்டும் கூடுதலாக 15 அடி அடிப்பான்.

"குதிரைய அடிக்கத்தான்டா அவனையே செஞ்சு வச்சிருக்காங்க!" என்பான் எலக்ட்ரானிக்ஸ் நண்பன்.

"போடா, என் நைட் ஒருத்தன் வந்தா உன் ஈட்டிக்காரன் ஓடிப் போயிருவான்" என்பான் என் அறைத்தோழன்.

ஓயாத இந்தச் சத்தத்தில் ஒரு நாள் வாய் திறந்தவன் சிவில் நண்பன். நாலு அரியர் வைத்திருக்கிறவன், அதிகம் பேசமாட்டான். "வாயால எத்தன நாளுடா சண்ட போடுவீங்க? காங்கிரீட் க்யூப நசுக்கிப் பாக்குற மாதிரி இதையும் நசுக்கிப் பாத்துர வேண்டியதுதானே?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் பிறந்ததுதான் எங்கள் சோதனைக்கூடம்.

சோதனைக்கூடம்

இந்த விளையாட்டிலேயே வரைபடம் தயாரிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டிய நிலத்தை வரைந்து, வேண்டிய ஆட்களை நிறுத்தி, சண்டைக்கு விடலாம். அதை நாங்கள் மெட்டீரியல் டெஸ்டிங் லேப் போல மாற்றிக்கொண்டோம். 80 பக்க நோட்டு ஒன்று, ஒரு ஸ்கேல், கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச். தலைப்புக்கூட ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற மாதிரியே நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை என்று எழுதினோம்.

முதல் விதி: நிலம் சமமாக இருக்க வேண்டும். மேட்டில் நின்று அடிக்கிறவனுக்கு இந்த விளையாட்டில் கால் பங்கு அடி கூடும், பள்ளத்தில் நின்று அடிக்கிறவனுக்குக் கால் பங்கு குறையும். அதனால் மேடு பள்ளமே இல்லாத ஒரு மைதானத்தை வரைந்தோம். இரண்டாம் விதி: இரு பக்கமும் ஒரே நாட்டுக்காரர்கள். ஃபிராங்க்ஸ் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் குதிரைப்படைக்கு லைஃப் 20 சதவீதம் கூடிவிடும், சோதனை கெட்டுவிடும். மூன்றாம் விதி: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வில்லை மாற்றினால் கவசத்தைத் தொடாதே, கவசத்தை மாற்றினால் வில்லைத் தொடாதே!

வில்லாளியின் அம்பைக் குதிரைவீரன்மேல் அளக்க நினைத்தபோது ஒரு சிக்கல். குதிரைவீரன் சும்மா நிற்பானா? பாய்ந்து வந்து வில்லாளியைக் காலி செய்துவிடுவான். சிவில் நண்பன் சிரித்துக்கொண்டே மௌஸை வாங்கினான். குதிரைவீரனைச் சுற்றித் தண்ணீரை வரைந்தான். தீவில் நிற்கும் குதிரை! அது இந்தக் கரைக்கு வராது, அம்பு அந்தக் கரைக்குப் போகும். நாலு அரியர் வைத்தவன் மூளையில்தான் அது உதித்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கழித்தல் கணக்கு

இந்த விளையாட்டில் ஒவ்வொருவனுக்கும் கவசம் இரண்டு எண்ணாகக் காட்டப்படும். முதல் எண் பக்கத்தில் வந்து வெட்டுகிற, குத்துகிற அடிக்கு. இரண்டாவது எண் தூரத்திலிருந்து எய்கிற அம்புக்கு. விழுகிற அடியிலிருந்து கவசத்தைக் கழித்தால் மீதிதான் காயம். எவ்வளவு கழித்தாலும் குறைந்தது 1 காயம் உண்டு. வகுத்தல் கிடையாது, சதவீதம் கிடையாது. இரண்டாம் வகுப்புக் கழித்தல்தான். ஆனால் இந்தச் சின்னக் கழித்தல் செய்கிற வேலை இருக்கிறதே, அது பெரிய வேலை!

சாதாரண வில்லாளியின் அம்பு 4 அடி. குதிரைவீரனின் அம்புக் கவசம் 2. மீதி 2. 100 லைஃப் தீர 50 அம்பு பட வேண்டும். இப்போது அம்புக்கு மட்டும் ஒரு படி மெருகு ஏற்றினோம். அடி 5 ஆனது. மீதி 3, அம்பு 34 போதும். வில்லின் பலம் கூடியது என்னவோ கால் பங்கு. காயம் கூடியதோ அரைப் பங்கு!

அடுத்து வில்லைப் பழையபடி 4க்கு இறக்கிவிட்டு, குதிரைக்குக் கவசம் ஒரு படி ஏற்றினோம். 2 என்பது 3 ஆனது. மீதி 1. இனி 100 அம்பு பட வேண்டும். ஒரே ஒரு புள்ளி கவசத்தில் ஆயுள் இரட்டிப்பு.

"அப்படின்னா இன்னும் ஏத்துடா, சாகவே மாட்டான்" என்று என் அறைத்தோழன் குதித்தான். ஏற்றினோம். கவசம் 4. அதே 100 அம்பு! குறைந்தது 1 காயம் என்ற விதி இருக்கிறதல்லவா? அந்த வில்லாளி முன்னால் நாலாவது புள்ளிக்கு மதிப்பு இல்லை. அதற்குச் செலவழித்த காசு வேறு எதிரி வந்தால்தான் பயன்படும்.

இதன் உச்சகட்டம் ராம் என்கிற இடிக்கும் வண்டி. அதற்கு லைஃப் 175. அம்புக் கவசம் 180! ஒரு ஊரே கூடி அம்பு விட்டாலும் ஒரு அம்புக்கு 1 காயம்தான், மொத்தம் 175 அம்பு. ஆனால் அதன் வெட்டுக் கவசம் என்ன தெரியுமா? கழித்தல் 3. கழித்தலைக் கழித்தால் கூட்டல் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அது இங்கே உயிரோடு வருகிறது. சாதாரணக் கத்திக்காரனின் 4 அடி அதன்மேல் 7 ஆகிறது. 25 வெட்டில் வண்டி விறகு. அம்பு மழைக்கு அசையாத அதே வண்டி!

"ராம் பலசாலியா?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? "யார் அடிக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் பதில்.

நம் ஃபிட்டிங் ஷாப்பிலேயே இதற்கு சாட்சி இருக்கிறது. அரம் இரும்பையே ராவும். ராக்வெல் மெஷினில் வைத்தால் மைல்டு ஸ்டீலைவிடப் பல மடங்கு கடினம் என்று முள் ஏறும். அதே அரத்தை வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் 'டக்'கென்று முறியும். மைல்டு ஸ்டீல் துண்டோ வளையும், முறியாது. அதனால்தான் நமக்குக் கடினத்துக்கு ஒரு மெஷின், மோதலுக்கு ஐஸாடும் சார்பியும் தனி மெஷின். எது வலிமையானது என்ற கேள்விக்கு எந்த மெஷினில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

தீர்ப்பு

இப்போது மூல வழக்குக்கு வருவோம்.

ஈட்டிக்காரன் குதிரைவீரனைக் குத்தினால் எவ்வளவு? சாதாரண அடி 3, அதில் கவசம் 2 போக மீதி 1. கூடுதல் 15 அப்படியே சேரும். மொத்தம் 16. ஆக, 7 குத்தில் குதிரைவீரன் விழ வேண்டும். குதிரைவீரனின் வெட்டு 10, ஈட்டிக்காரனுக்குக் கவசம் இல்லை, 5 வெட்டில் ஆள் காலி. 5 வெட்டுக்கும் 7 குத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் வேகம் என்று ஒன்று உண்டு. விளையாட்டின் கணக்குப்படி குதிரைவீரன் 1.8 விநாடிக்கு ஒரு தடவை வெட்டுகிறான். ஈட்டிக்காரனுக்கு அடுத்த குத்துக்கு 3 விநாடி ஆகிறது.

ஒருவனுக்கு ஒருவன் விட்டோம். குதிரைவீரன் ஜெயித்தான்! ஏறக்குறையப் பாதி லைஃப் மிச்சத்தோடு நின்றான். இயந்திரவியல் பக்கம் ஒரே விசில்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பன் விடவில்லை. "விலையப் பாருடா மொதல்ல" என்றான். நியாயம்தான். ஒரு குதிரைவீரனுக்கு உணவு 60, தங்கம் 75, ஆக 135. ஈட்டிக்காரனுக்கு உணவு 35, மரம் 25, ஆக 60. தங்கமே வேண்டாம். ஒரு குதிரையின் விலையில் இரண்டு ஈட்டிக்காரர்கள் வந்து, மீதி 15ம் கையில் நிற்கும்.

இரண்டு பேரை விட்டோம். முதல் ஈட்டிக்காரன் விழுவதற்குள் இருவரும் சேர்ந்து ஆளுக்கு 3 குத்து. 16ஐ ஆறால் பெருக்குங்கள், 96. குதிரைவீரனிடம் மிச்சம் 4 லைஃப்! அடுத்த குத்தில் விழுந்தான். ஒரு ஈட்டிக்காரன் செத்தான், ஒருவன் நின்றான்.

இரண்டு கட்சியும் ஜெயித்தது, இரண்டு கட்சியும் தோற்றது. ஒற்றைக்கு ஒற்றை என்றால் குதிரை. காசுக்குக் காசு என்றால் ஈட்டி. ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்கள் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரே கேள்வி என்று நினைத்திருக்கிறார்கள்!

கண்ணுக்குத் தெரியாத 12

வழக்கு முடிந்தது என்று நோட்டை மூடப் போன நேரத்தில்தான் உண்மையான சுவாரஸ்யம் வந்தது. பைஸாண்டியர்களுக்கு மட்டும் உரிய கேட்டஃப்ராக்ட் என்ற குதிரைவீரனை நிறுத்தினோம். லைஃப் 110, திரையில் காட்டும் கவசம் 2/1. எங்கள் கணக்குப்படி ஈட்டிக்காரனின் ஒரு குத்து 16 வர வேண்டும். குத்தினான். குறைந்தது 4!

மறுபடி குத்தவிட்டோம். 4. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். 4.

"சாஃப்ட்வேர்ல கோளாறுடா, 16னே எழுதிட்டுப் படுப்போம். மணி ரெண்டு" என்றான் ஒருவன். சிவில் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "திரையில வந்தத எழுதுடா. ஏன்னு அப்புறம் பாக்கலாம்" என்றான்.

எழுதினோம். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். வில்லாளியை விட்டோம். 4ல் 1 போனால் 3. சரியாக 3 வந்தது. கத்திக்காரனை விட்டோம். 4ல் 2 போனால் 2. சரியாக 2 வந்தது. ஆக, திரையில் காட்டும் இரண்டு கவசமும் பொய் இல்லை. ஈட்டிக்காரனின் 3 அடியில் 2 போனால் 1, அதுவும் சரி. மீதி வந்தது 3. அப்படியானால் அந்தக் கூடுதல் 15 தான் 3 ஆகச் சுருங்கியிருக்கிறது. 12 எங்கே போயிற்று?

இவனுக்கு மூன்றாவதாக ஒரு கவசம் இருக்கிறது! குதிரைக்கு எதிரான கூடுதல் அடியை மட்டும் தடுக்கிற 12 புள்ளிக் கவசம். கீழே இருக்கும் கட்டத்தில் அது காட்டப்படுவதே இல்லை. உலகமெங்கும் இந்த விளையாட்டைத் துருவி ஆராய்ந்தவர்களின் அட்டவணையிலும் அதே 12 தான் என்று பிற்பாடு பார்த்துக்கொண்டோம். ஆனால் அன்று ராத்திரி இரண்டரை மணிக்கு, எந்தப் புத்தகமும் இல்லாமல், கழித்தல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நாங்களாகக் கண்டுபிடித்தோமே, அந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? வார்டன் கதவைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

16 என்று எழுதிவிட்டுப் படுத்திருந்தால் அந்த 12 எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அண்ணன் பார்த்த நோட்டு

லீவுக்கு ஊருக்குப் போனபோது அந்த நோட்டு என் பையில் இருந்தது. என் அண்ணனும் டிப்ளமோதான். வண்டி பாகங்கள் செய்கிற ஒரு சிறு பட்டறையில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பாயில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். வில்லாளி பக்கத்தில் நிறுத்தினார்.

"கணக்குல 50 அம்புன்னு போட்டுருக்க. ஆனா விட்ட அம்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?"

"எல்லா அம்பும் குறில படாதுண்ணே. அவனோட குறியே நூத்துக்கு எம்பதுதான். அதான் அஞ்சு தடவ பண்ணோம்."

"நெஜமா அளந்த ரீடிங்னா இப்படித்தான்டா இருக்கும். கூடக் கொறையத்தான் வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். அவர் பட்டறையில் சூட்டில் போட்டுக் கடினப்படுத்திய பின்களில் ஒரு லாட்டுக்கு ஐந்து எடுத்துக் கடினம் பார்க்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி லாரி நிற்கிறது. மெஷினில் வைக்காமலே ஐந்து எண்களையும் அழகாக நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இவரிடம் தாளை நீட்டினார்கள். இவர் போடவில்லை. தானே ஐந்து பின்னை எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு பின் மெத்தென்று இருந்தது. லாட் முழுவதும் திரும்பியது. அந்த வாரம் எல்லோருக்கும் ஓவர்டைம் போயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் பத்து நாள் இவரோடு டீ குடிக்க வரவில்லை.

"அந்தப் பின்னு எவன் வண்டில போகும்னு நமக்குத் தெரியாதுல்ல" என்றார். அவ்வளவுதான். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம் லேப்களில் போன வருட ரெக்கார்டு நோட்டு கைமாறுவது ஊரறிந்த ரகசியம். அதில் ரீடிங் எல்லாம் பளிச்சென்று, கிராஃப் நேர்கோடாக, பதில் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நேர்கோட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இந்த விளையாட்டைச் சோதிக்க எங்களுக்குப் போன வருட நோட்டு கிடைக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்!

டிப்ளமோ என்கிற கட்டம்

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. "டிப்ளமோதானே?" என்று கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் கேட்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே இருக்கும் கட்டத்தில் தெரிகிற இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு ஆளை எடை போடுகிறவர்கள் அவர்கள். எங்கள் சிவில் நண்பனுக்கு மார்க் ஷீட்டில் தெரிவது நாலு அரியர். தண்ணீர் வரைந்து குதிரையை நிறுத்திய மூளையும், திரையில் வந்ததையே எழுது என்ற பிடிவாதமும் அதில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அதற்காக மார்க் ஷீட் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டஃப்ராக்டுக்கு மறைவான 12 இருப்பது ஈட்டியின் முன்னால்தான். வில்லாளி முன்னால் அவன் 37 அம்பில் விழுவான், சாதாரண நைட்டோ 50 அம்பு தாங்குவான். மறைந்த கவசம் எல்லா அடியையும் தாங்காது. அரியர் என்ற அடிக்குப் படிப்புதான் கவசம். அதை நண்பனிடமும் சொன்னோம். இந்த முறை அவனை எழுப்பிப் படிக்க வைப்பது எங்கள் மூன்று பேர் பொறுப்பு. நாலில் இரண்டை முடித்துவிட்டான், இன்னும் இரண்டு பாக்கி.

ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலியாக இருக்கிறது. ஒட்டகப்படையை நாங்கள் தொடவே இல்லை. கப்பல்கள் பக்கம் போகவே இல்லை. நோட்டு வேண்டும் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாகத் தருகிறோம். ஆனால் எழுதிய பக்கங்களைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். சமமான ஒரு நிலத்தை வரையுங்கள், குதிரையைத் தீவில் நிறுத்துங்கள், முதல் அம்பிலிருந்து நீங்களே எண்ணுங்கள். எங்கள் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், உங்களுக்கு வந்ததையே எழுதுங்கள்!